நீருக்கு ஏற்ற லைஃப் ஜாக்கெட்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் வாழும் நமக்கு நீர்நிலைகள் புதியன அல்ல. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையும், பூலாம்பட்டி, பரமத்தி வேலூர், மோகனூர் வழியே ஓடும் காவிரியும், ஏற்காட்டு ஏரியும் நமக்கு அருகிலேயே உள்ளன. ஆனால் தோழியரே, நம்மில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? அண்ணன் தம்பிமார் சுரைப்புருடையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீந்தப் பழகும்போது, நாம் பெரும்பாலும் மேலே நின்று வேடிக்கைதான் பார்க்கிறோம். ஆகவே லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி நாம் அவசியம் அறிந்துகொள்ள வேண்டும்.

சுரைப்புருடையும் லைஃப் ஜாக்கெட்டும் மிதப்பது, நாம் படித்த ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தின்படியே. நீருக்குள் நம் உடலின் எடை சில கிலோ மட்டுமே. அதைத் தாங்கும் விசை கிடைத்தால் தலை நீருக்கு மேல் நிற்கும். 10 நியூட்டன் விசை ஏறக்குறைய 1 கிலோவைத் தாங்கும். முற்காலத்தில் தக்கையையும் இலவம்பஞ்சையும் உள்ளே வைத்துத் தைத்தனர். இன்று நீர் புகாத நுரைப்பொருளை வைக்கின்றனர்.

பெரியவர்களுக்கான ஜாக்கெட்டுகளில் 50 நியூட்டன் வகை, நீந்தத் தெரிந்தவர் கரையருகே அணிவது. மயங்கியவரை அது மல்லாந்து திருப்பாது. ஏரியிலும், பூலாம்பட்டியிலிருந்து நெரிஞ்சிப்பேட்டைக்குப் படகில் செல்லும்போதும், நீந்தத் தெரியாதவருக்கு முகத்தை மேல்நோக்கித் திருப்பும் 100 நியூட்டன் வகையே ஏற்றது. அமைதியான நீர்தானே என்று எண்ணலாகாது. 2009 செப்டம்பர் 30 அன்று கேரளத்தின் தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். அலை மிகுந்த கடலுக்கு 150 நியூட்டன் வகை வேண்டும்.

ஒகேனக்கல் போன்ற பாறை நிறைந்த வேகநீர் வேறு விதமானது. பொங்கி நுரைக்கும் நீரில் காற்றுக் கலந்திருப்பதால், அது நம்மைத் தாங்கும் விசை குறைகிறது. காற்றடைத்த ஜாக்கெட் பாறையில் உரசிக் கிழியக்கூடும். எனவே பரிசலில் ஏறும்போது, உடலை இறுகப் பிடிக்கும் நுரைப்பொருள் ஜாக்கெட்டே தேவை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "வளர்கிற பிள்ளை" என்று சீருடையைப் பெரிதாகத் தைப்பதுபோல் இதை வாங்காதீர்கள்! உள்ளே எழுதியுள்ள உடல் எடையைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். சிறு குழந்தைகளுக்குத் தலையைத் தாங்கும் கழுத்துப் பட்டையும், கால்களுக்கு இடையே செல்லும் வாரும் இருப்பது நலம். எல்லா வார்களையும் பூட்டியபின், தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது காது வரை ஏறினால், நீரில் தலைவழியே கழன்றுவிடும்.

அதை இருக்கையாகப் போட்டு உட்காரவும் கூடாது. நுரைப்பொருள் நசுங்கி மிதக்கும் திறன் குறையும். படகோட்டி கொடுக்கும்வரை காத்திராமல் நாமே கேட்டு வாங்கி, ஏறுமுன் பூட்டி, கரையில் இறங்கிய பின்னரே கழற்றுவோமாக.