காயல் நடுவே கண்கவரும் கொச்சி தீவுகள்

தேவரா: கொச்சி நகரின் தென்பகுதியான தேவராவை அடுத்துள்ள வெண்டுருத்தி பாலத்தைக் கடந்தால், சில நிமிடங்களில் வில்லிங்டன் தீவை அடையலாம். அங்கிருந்து மட்டாஞ்சேரி, கோட்டைக் கொச்சி, வைப்பின், வல்லார்பாடம், போல்காட்டி, கும்பளங்கி என வேம்பநாட்டுக் காயலையும் கடலையும் ஒட்டி, தீவுகளும் கரைகளும் விரிகின்றன.

மண் வாரி அமைத்த தீவு

வில்லிங்டன் தீவின் பெரும்பகுதி மனிதர் ஆக்கியது. 1920ல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, துறைமுக வாயிலை மறித்திருந்த மணல் திட்டை அகற்றி, காயலை ஆழப்படுத்தினார். வாரிய மண்ணைக் கொட்டியதில் சுமார் 780 ஏக்கர் நிலம் உருவானது. அப்போது துறைமுகப் பகுதி சென்னை மாகாணத்தில் இருந்தது. அம்மாகாண கவர்னராக இருந்து, பின்னர் வைஸ்ராயான வில்லிங்டனின் பெயரே தீவுக்குச் சூட்டப்பட்டது. லட்சத்தீவு செல்லும் பயணிகள் கப்பல்கள் இங்கிருந்தே புறப்படுகின்றன.

பல இனத்தவர் வாழும் மட்டாஞ்சேரி

மறுகரையில் உள்ள மட்டாஞ்சேரியில், 1568ல் கட்டப்பட்ட யூதர் வழிபாட்டுத் தலம் உள்ளது. அருகில், போர்ச்சுக்கீசியர் கட்டி, டச்சுக்காரர் புதுப்பித்த அரண்மனையின் சுவர்களில் ராமாயணக் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. குஜராத்தியர், கொங்கணியர், கட்ச் மேமன்கள், தமிழர் எனப் பல சமூகத்தினர் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றனர். கோட்டைக் கொச்சியின் வெளி பகுதியில், தமிழ் பேசும் சலவைத் தொழிலாளர்கள் தலைமுறைகளாகத் துணி வெளுத்து வருகின்றனர்.

நெல்லும் இறாலும்

கோட்டைக் கொச்சிக்கு எதிரே, சீன வலைகள் வரிசையாக நிற்கும் கரையில் வைப்பின் தீவு தொடங்குகிறது. கடந்த 1341ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளமே, முசிறி துறைமுகத்தைத் தூர்த்து, கொச்சி முகத்துவாரத்தைத் திறந்து, இத்தீவையும் உருவாக்கியது என்று கருதப்படுகிறது. வடகோடியில் செராய் கடற்கரையும், போர்ச்சுக்கீசியரின் பள்ளிப்புரம் கோட்டையும் உள்ளன.

இங்கு விளையும் 'பொக்காளி' நெல், உப்பு நீரைத் தாங்கி வளர்வது. மழைக்காலத்தில் உப்புத்தன்மை குறையும்போது, உரமின்றி பயிரிடப்படுகிறது. கதிரை மட்டும் அறுத்து, தாளை நீரிலேயே விட்டு விடுகின்றனர். நவம்பருக்குப் பின் ஓதத்துடன் உப்பு நீர் புகும் அதே வயலில் இறால் வளர்க்கப்படுகிறது. அழுகிய தாள் இறாலுக்கு இரையாகிறது. ஆள் பற்றாக்குறையாலும் செலவாலும் பொக்காளி சாகுபடி பெருமளவு சுருங்கி விட்டது.

பாலமும் படகும்

நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவும் படகையே நம்பியிருந்த வைப்பின் மக்களுக்கு, 2004ல் திறக்கப்பட்ட கோஸ்ரீ பாலங்கள் பெரும் நிம்மதி அளித்தன. வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையம் 2011ல் துவங்கியது. அதன் சாலை, ரயில் பாதைக்காக 2008ல் மூலம்பிள்ளி உள்ளிட்ட இடங்களில் 316 குடும்பங்கள் நிலமிழந்தன. மறுவாழ்வு கோரி ஆண்டுக்கணக்கில் போராடின. கடந்த 2023 ஏப்ரலில், மின்சாரப் படகுகளுடன் 'வாட்டர் மெட்ரோ' துவக்கப்பட்டது. இதனால், தீவுகளைக் காண வருவோருக்கும் பயணம் எளிதாகியுள்ளது.

வீட்டுக்குள் ஓதம்

வயலுக்கு வளம் தந்த ஓதம், இப்போது வீட்டு வாசலைத் தாண்டுகிறது. மலையாளத்தில், 'வேலியேற்றம்' எனப்படும் இந்த நீர்ப்பெருக்கில், வைப்பின், கும்பளங்கி, ஏழிக்கரை பகுதி வீடுகளில் உப்பு நீர் புகுகிறது. சுவர்கள் அரிக்கின்றன, மரங்கள் பட்டுப்போகின்றன. தூர்ந்த கால்வாய்களை ஆழப்படுத்தி, கரைகளை உயர்த்த வேண்டும் என்பது மக்களின் கோரிக்கை.

கடலரிப்பால் தவித்த செல்லானத்தில், 2022ல் துவங்கிய திட்டத்தின் கீழ், 'டெட்ராபாட்' எனப்படும் கான்கிரீட் கட்டைகளால் தடுப்புச் சுவர் அமைக்கப்பட்டது. அத்தகைய பாதுகாப்பைக் கேட்டு, வைப்பின் தீவின் எடவனக்காடு மக்களும் வீதியில் இறங்கிப் போராடினர். அவர்கள் அங்கு தொடர்ந்து வாழ்ந்தால் தான், பயணிகள் தேடி வரும் சீன வலையும், பொக்காளி வயலும் நிலைத்திருக்கும்.