மெட்ராஸ் டெரஸ்: கான்கிரீட்டுக்கு முந்தைய கூரை

பழைய சென்னை வீட்டுக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். தேக்கு விட்டங்களின் மேல், மெல்லிய செங்கற்களை நிறுத்திவைத்து, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தால் ஒட்டியிருக்கிறார்கள். அடியில் பலகை அடிக்கவில்லை. ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையைப் பற்றிக்கொண்டு நின்றது. அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டினார்கள். பிறகு மேலே தட்டோடு பதித்தார்கள். எவ்வளவு பெரிய பணக்காரர் வீடானாலும் அறையின் அகலம் விட்டத்தின் நீளத்துக்கு உட்பட்டதுதான்.

1930களில் சென்னைக் கட்டடங்களில் கம்பி கட்டிய கான்கிரீட் பரவியது. பாரிமுனையில் 1940இல் டேர் ஹவுஸ் கட்டடம் எழுந்தது. வளைந்த பால்கனி, தூணில்லாமல் நீளும் சன்ஷேடு எல்லாம் கைகூடின. வெயில்தான் மசியவில்லை. அதனால் கான்கிரீட் தளத்தின் மேலும் அதே ஜல்லிச் சுண்ணாம்பையே கொட்டித் தட்டினார்கள்.