மார்கழி அருவிக்கு ஒரு பயராபீஸ் வேன்

விருதுநகர் மாவட்டத்துச் சூலக்கரையில் குளிர்காலம் என்பது ஃபேனை ஐந்திலிருந்து இரண்டுக்கு இறக்குவது. மார்கழியில் விடியக்காலை பருத்திச் செடி மேல் கொஞ்சம் பனி படியும். ஒன்பது மணிக்குக் கரிசல் மண் தன் சூட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். இந்தப் பக்கத்திலிருந்து ‘குளிர்கால வாரக்கடைசி உல்லாசம்’ என்று ஒன்று எழுதித் தரப் பத்திரிகையில் சொன்னார்கள். உல்லாசத்துக்கு எங்கே போவது என்று முழித்துக்கொண்டிருந்தபோதுதான் பயராபீஸ் என்கிற பட்டாசு ஆலைக்குப் பெண்களை ஏற்றிப்போகிற வேன் ஒன்று குற்றாலத்துக்குக் கிளம்புவதாகக் கேள்விப்பட்டேன். எனக்கும் ஒரு சீட்டுப் போட்டுவைத்தார்கள்.

சனிக்கிழமை இரவு ஒன்றரை மணி. முன்கண்ணாடியில் சந்தனம், குங்குமம். நான்கு சக்கரத்துக்கு அடியிலும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம். வண்டி நகர்ந்து பழம் நசுங்கியதும் உள்ளே இருந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பதினேழு பேர், மடியில் இருந்த மூன்று குழந்தைகள் கணக்கில் இல்லை. தூக்குவாளியில் புளியோதரை, ஒரு பழைய மாவு டப்பா நிறைய முறுக்கு, மாற்றுத்துணிப் பைகள். பதினேழில் பதினொரு பேருக்குக் குற்றாலம் இதுதான் முதல் தடவை.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. பதினாறில் தீப்பெட்டியாபீஸ். கல்யாணத்துக்குப் பிறகு பயராபீஸ், கம்பி மத்தாப்பு செக்‌ஷன். நூற்றிருபது கிலோமீட்டருக்குள் இருக்கிற அருவியை டிவியில்தான் பார்த்திருக்கிறார். “இருக்கன்குடிக்குப் போவோம். திருச்செந்தூருக்குப் போவோம். மொட்டை, காதுகுத்து, கெடாவெட்டுன்னா போவோம். சும்மா குளிக்கிறதுக்குன்னு போனதில்ல பாப்பா. குளிக்கப் போறேன்னு சொல்லி எப்படி லீவு கேக்கிறது?”

கேட்க வேண்டியதே இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை லீவுதான். ஆனால் ஞாயிறு என்றால் துணி துவைக்க வேண்டும், ரேஷன், கறி எடுக்க வேண்டும், ஆறு நாளின் தூக்கத்தைத் தூங்க வேண்டும்.

மேற்கே மலை சுவர் மாதிரி நிற்கிறது. ஆனி, ஆடியில் வருகிற மழையை அந்தப் பக்கமே இறக்கிவிட்டு நமக்கு வெறுங்காற்றை அனுப்பும். தெற்கே செங்கோட்டை, ஆரியங்காவுப் பக்கம் மட்டும் அந்தச் சுவரில் ஒரு கணவாய். சாரல் அந்த வழியாகக் குற்றாலத்துக்குப் போய்விடுகிறது. நமக்கு வாய்த்தது வெயில். 1923-ல் கல்கத்தாவிலிருந்து தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு இந்தப் பக்கம் வந்தவர்களின் கதை எல்லாருக்கும் தெரியும். அந்தத் தொழிலுக்குக் கடவுள் போட்ட மூலதனம் இந்த வெயில்தான். குச்சி காய வெயில், மருந்து காய வெயில், காகிதக் குழாய் காய வெயில். மழை பிடித்தால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் சனிக்கிழமை கையில் காசு இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கருக்கல் கட்டினால் சந்தோஷப்படுவதா, சங்கடப்படுவதா என்று தெரியாமல் வானத்தைப் பார்க்கிற ஊர் இது. வருஷம் முழுக்க ஈரத்துக்குப் பயந்து பிழைப்பவர்கள் ஒரு ராத்திரியில் ஈரத்தைத் தேடிக் கிளம்பியிருந்தார்கள்.

ஐந்து மணிக்கு முன்பே பேரருவி. விளக்கு வெளிச்சத்தில் கறுப்பு வேட்டியும் நீல வேட்டியுமாக ஐயப்பமார்கள் கூட்டம். சரணக் கோஷத்தை அருவிச் சத்தம் பாதி விழுங்கிவிட்டது. ஆடிச் சாரலில் குற்றாலம் பார்த்தவர்களுக்கு மார்கழிக் குற்றாலம் வேறு ஊர். தலைக்கு மேல் பூவாகத் தூவுகிற ஈரம் கிடையாது. இது வடகிழக்குப் பருவத்தில் காட்டுக்குள் பெய்து இறங்குகிற தண்ணீர், கனம் அதிகம். பொங்குமாங்கடல் பள்ளத்தில் விழுந்து, வேகம் அடங்கி, அப்புறம் வழிகிறபோதே தோளில் உலக்கையால் சாத்துகிற மாதிரி இருக்கிறது. அங்கே வேகம் குறையாமல் நேரே விழுந்தால் யாரும் கீழே நிற்க முடியாது.

அக்கா உடனே உள்ளே போகவில்லை. ஓரத்துக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையை நீட்டி, இரண்டு விரலில் தண்ணீரை வாங்கிப் பார்த்தார், பால் சூடு பார்க்கிற மாதிரி. பிறகு சேலைத் தலைப்பை இறுக்கிச் செருகிக்கொண்டு கண்ணை மூடி நுழைந்தார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தபோது பல் தந்தியடித்தது. “செமத்தியா அடி வாங்குன மாதிரி இருக்கு பாப்பா. இரு, இன்னொருக்கா வாங்கிட்டு வாரேன்.”

மூன்று தடவை வாங்கிவிட்டு வந்து கையைப் பார்த்தார். விரல் முட்டிச் சுருக்கங்களில், நகத்தோரத்தில், அலுமினியப் பொடியின் வெள்ளி அப்படியே இருந்தது. அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவு இருக்கிறது. நல்ல உத்தரவு. இந்த வெள்ளி சோப்புக்கும் மசியாது என்பது வேறு விஷயம். “இம்புட்டுத் தண்ணிக்கும் போகல பாரு” என்று சிரித்தார்.

மழைக்காலத்து அருவிக்கு ஒரு எச்சரிக்கை. நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும் மேலே காட்டில் கொட்டலாம். தண்ணீர் செம்மண் நிறத்துக்குத் திரும்பினால், சருகும் சுள்ளியும் சேர்ந்து விழுந்தால், போலீஸ் விசிலுக்குக் காத்திருக்காமல் வெளியே வந்துவிட வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் கண்மூடித் திறப்பதற்குள் வெள்ளம் வந்து 17 வயதுப் பையனைக் கொண்டுபோனது. தடை என்று கயிறு கட்டியிருந்தால் வாதாடாமல் ஐந்தருவியை எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

தென்காசிக்குப் பத்து மணிக்குப் போனோம். 2019 நவம்பரில் மாவட்டத் தலைநகரமான பிறகு கடைத்தெரு நெரிசல் கூடியிருக்கிறது. பராக்கிரம பாண்டியன் கட்டிய விசுவநாதர் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரம் தீயில் சிதைந்து, பல காலம் மொட்டையாக நின்று, 1990-ல் மறுபடி எழுந்தது. அதன் வாசலில் மலைக்காற்று ஆளைத் தள்ளும். ஈரத் தலையோடு வந்த எங்கள் பதினேழு பேரும் சாமியைப் பார்த்ததைவிட அதிக நேரம் அந்த வாசலில்தான் நின்றோம். குழந்தைகள் துண்டை விரித்துப் பிடித்துப் பறக்கவிட்டன. காசு கொடுக்காமல் ஏ.சி. இருக்கிற ஒரே இடம் என்றார் ஒரு மதினி. குற்றாலநாதர் கோயிலையும் சித்திர சபையையும் பற்றி எழுதாமல் விட்டால் பெரியவர்கள் கோபிப்பார்கள். போனோம், கும்பிட்டோம். பிரானூரில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிட்டோம். எங்கள் விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவை விட்டுக்கொடுக்க வேனில் ஒருவரும் தயாராக இல்லை.

இதோடு நிறுத்தினால் பத்திரிகைக்கு வேண்டியது கிடைத்துவிடும். ஆனால் நான் அன்று முழுக்க அருவியைப் பார்த்ததைவிட அதிகமாகப் பார்த்தது டிரைவர் அண்ணாச்சியின் கண்ணை.

விடியக்காலை நாலரை

அவர் சனிக்கிழமை காலை நாலரைக்கு எழுந்தவர். ஆறு மணிக்குச் சூலக்கரையிலும் சுற்றுப்பட்டியிலும் பெண்களை ஏற்றி பயராபீஸில் இறக்கினார். சாயந்திரம் அதே பெண்களை ஏற்றிவந்து அவரவர் தெருவில் விட்டார். வண்டியைக் கழுவினார். சாப்பிட்டார். “படுத்தேன், தூக்கம் வரல” என்றார். ஒன்றரைக்கு வண்டியை எடுத்தபோது அவர் கண் விழித்து இருபத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. அதற்கப்புறம் அவர் தூங்கியது குற்றாலம் கார் நிறுத்தத்தில், பின்சீட்டில் காலை மடக்கிக்கொண்டு, இரண்டு மணி நேரம்.

இது அவர் ஒருவரின் கதை அல்ல. மார்கழி, தை மாதச் சனிக்கிழமை இரவுகளில் விருதுநகர் மாவட்டத்திலிருந்து குற்றாலத்துக்குப் போகிற வாடகை வேன்களின் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் ஆட்களை விசாரித்துப் பாருங்கள். வாரம் முழுக்க ஆபீஸ் டிரிப், சனி ராத்திரி அருவி டிரிப். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளைக்கு எட்டு மணி நேரம் என்று எழுதிவைத்துவிட்டது. சொந்த வண்டிக்காரரிடம் போய் அதைப் படித்துக்காட்டினால் டியூ கட்டுகிற தேதியை அவர் நமக்குப் படித்துக்காட்டுவார்.

தூக்கத்தை ஆராய்கிறவர்கள் ஒரு கணக்குச் சொல்கிறார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் ஏறியவருடையதைப் போலத் தடுமாறும். நம் சட்டத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வழக்கு. குடித்தவரை ஊதச் சொல்லிப் பிடித்துவிடலாம். தூங்காதவரைப் பிடிக்க நம் ரோட்டில் மெஷின் இல்லை. அதிலும் இரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே உடம்பு தானாகவே அசரும். சரியாக அந்த நேரத்தைத்தான் அருவி வேன்கள் தேர்ந்தெடுத்துக்கொள்கின்றன.

ரோடும் லேசான ரோடு அல்ல. ராஜபாளையம் தாண்டினால் சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று ஊருக்குள் புகுந்து புகுந்து போகிற இருவழிச் சாலை. எதிரே செங்கோட்டை வழியாகக் கேரளாவில் சரக்கு இறக்கித் திரும்புகிற லாரிகள். அந்த டிரைவர்களும் தூங்காதவர்கள்தான். சீசனில் சபரிமலை வண்டிகள் வேறு. 2024 ஜனவரி 28, ஞாயிறு அதிகாலை. குற்றாலத்தில் குளித்துவிட்டு ஊர் திரும்பிய புளியங்குடி இளைஞர்கள் ஆறு பேர், ஊரை நெருங்குகிற நேரத்தில், கார் சிமென்ட் லாரியில் மோதி இறந்துபோனார்கள். அன்றைக்கு யார் கண் அசந்தது என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அந்த நேரத்தில் அந்த ரோட்டில் ஏன் இருக்கிறோம் என்றுதான் கேட்கிறேன். எங்கள் வேனின் சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சை அநேகமாகப் புளியங்குடிச் சந்தையிலிருந்து வந்ததாக இருக்கும்.

பயராபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு விதி என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு ரூமுக்கு நாலு பேர். செருப்பு வாசலில். செல்போன் கேட்டில். இரும்புச் சாமான் உள்ளே வரக்கூடாது. இதில் ஒன்று தவறினாலும் என்ன ஆகும் என்பதை ஒவ்வொரு ஊரும் ஏதோ ஒரு வருஷத்தில் பார்த்திருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் வேனில் ஏறும்போது தலையை எண்ணுவதும் இல்லை, டிரைவரிடம் ‘தூங்கினீங்களா’ என்று கேட்பதும் இல்லை. கேட்டால் அவர் கோவித்துக்கொள்வார் என்று கூச்சம்.

ராத்திரிப் பயணத்தில் வெயில் இல்லை, நெரிசல் இல்லை, சீசன் நேரத்து லாட்ஜ் வாடகை மிச்சம் என்பது இளவட்டங்களின் கட்சி. இருக்கட்டும். மதுரையிலிருந்து செங்கோட்டைக்கு ரயில் இருக்கிறது; விருதுநகரில் ஏறினால் தென்காசியில் இறங்கலாம். வலது பக்க ஜன்னலைப் பிடித்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மலை கூடவே வரும். தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு போவது சிரமம்தான், விடிவதற்கு முன் அருவியில் நிற்க முடியாதுதான். பகல் அருவியில் நனைந்தாலும் ஈரம் ஈரம்தானே. ரயிலோட்டுகிறவருக்கு டூட்டி மாற்ற ஆள் உண்டு.

சிவகிரிக்கு இந்தப் பக்கம்

தென்காசியிலிருந்து ஆறரைக்குக் கிளம்பினோம். குழந்தைகள் சிப்ஸ் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டன. கடையநல்லூர் வரை பாட்டு ஓடியது. அப்புறம் அண்ணாச்சியே அதை நிறுத்தினார். வாயில் பாக்கு. இரண்டு தடவை ஜன்னலை இறக்கி முகத்தில் காற்று வாங்கினார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. விருந்தாளி மாதிரி ஏறிக்கொண்டவள், எப்படிச் சொல்வது?

சிவகிரி தாண்டிக் கொஞ்ச தூரம். வேன் தாரை விட்டு மண்ணில் இறங்கி, குலுங்கி, மறுபடி தாரில் ஏறியது. இரண்டு விநாடி இருக்கும். எழுபது கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி என்றால் நாற்பது மீட்டர் தூரம் யாரும் ஓட்டாமல் வண்டி போயிருக்கிறது. கணக்கெல்லாம் வீட்டுக்கு வந்து போட்டது. அப்போது கம்பியைத்தான் இறுக்கிப் பிடித்தேன்.

“அண்ணாச்சி, ஓரமா நிப்பாட்டுங்க” என்றார் அக்கா.

“ஒண்ணுமில்ல தாயி, பள்ளம்.”

“பள்ளம் இல்ல. கண்ணாடியில உங்க கண்ணத்தான் பாத்துக்கிட்டு வாரேன். நிப்பாட்டுங்க.”

“காலைல ஆறு மணிக்கு டிரிப் இருக்கு தாயி...”

“அந்த வண்டியிலதான் நானும் வரணும். நிப்பாட்டுங்க.”

சாத்திக் கிடந்த ஒரு பெட்டிக்கடைக்கு முன்னால் நின்றது. பெண்கள் இறங்கி மண்ணிலும் கடைத்திட்டிலும் உட்கார்ந்தார்கள். யாரோ ஈரச் சேலை ஒன்றை வேனின் கண்ணாடிக் கம்பியில் விரித்துப் போட்டார்கள். அண்ணாச்சி முதலில் ஸ்டீயரிங்கில் தலை சாய்த்தார். அப்புறம் நடுச்சீட்டில் நீட்டிப் படுத்து, காலைக் கதவுக்கு வெளியே விட்டுக்கொண்டார். ஐந்து நிமிஷத்தில் குறட்டை.

அக்கா திட்டில் உட்கார்ந்து முறுக்கை நொறுக்கிச் சின்னக் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். லாரிகள் போனபோதெல்லாம் கடைச்சுவரில் வெளிச்சம் நகர்ந்தது. அவர் விரல்களிலும் மினுங்கிவிட்டுப் போனது. பத்து மணி தாண்டியதும் அவர் மகன் பொறுமையிழந்து வேன் பக்கம் போய்க் கதவைத் தட்டக் கை ஓங்கினான்.

“ஏலே, அங்க என்ன? பத்தரைன்னு சொன்னேன்ல. இன்னும் இருபது நிமிசம் இருக்கு. வந்து உக்காரு.”