பத்து மீட்டர் தூரத்தில் ஒரு புள்ளி

வந்தவாசிக்கு அருகிலுள்ள தேசூர்ப் பக்கத்து இளைஞன் ஒருவன் தன் ஆயுளில் முதல்முறையாகத் துப்பாக்கியைத் தோளில் சாத்துவது பெரும்பாலும் திருவிழாக் கடையில்தான் நிகழ்கிறது. பலகையில் வரிசையாகக் கட்டிய பலூன்களில் நாலைந்தை உடைத்துவிட்டு, உடையாதவற்றுக்காகத் துப்பாக்கியின் குழலைப் பழித்துக்கொண்டே (அப்பழியில் நியாயமும் இல்லாமலில்லை) கூட்டத்தில் கலந்துவிடும் அவனுக்கு, அதே காற்றுத் துப்பாக்கியின் செம்மைப்பட்ட வடிவம் 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் முதற்கொண்டு ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்று வருகிறது என்பதோ, அந்த வித்தையில் தேறுவதற்கு முதலில் வேண்டியது துப்பாக்கியே அன்று என்பதோ தெரிய நியாயமில்லை.

துப்பாக்கி என்றதும் யுத்தம் நினைவுக்கு வருவது இந்தப் பிரதேசத்தாருக்கு இயல்பு. அருகிலுள்ள வந்தவாசியில் 1760-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் தேதி அயர் கூட்டின் ஆங்கிலப் படையும் லாலியின் பிரெஞ்சுப் படையும் மோதியபோது சிப்பாய்கள் ஏந்தியிருந்தவை உட்புறம் வழவழப்பான குழலுடைய மஸ்கட் துப்பாக்கிகள். குழலுக்குள் தளர்வாகக் கிடந்த உருண்டைக் குண்டு வெளியேறுகையில் எந்தப் பக்கம் உரசிற்றோ அதற்கேற்ப வழிவிலகிப் போகுமாதலால், தனியொருவனைக் குறிவைப்பதில் பிரயோஜனம் இல்லையென்று கண்டே அக்காலப் படைகள் வரிசை கட்டி நின்று ஒருசேரச் சுட்டன. பின்னாளில் குழலின் உட்சுவரில் சுருள்சுருளாகப் பள்ளங்களை வெட்டி, குண்டு சுழன்றுகொண்டே நேர்வழி செல்லுமாறு செய்யும் முறை பரவிய பிறகுதான், குறி தவறியதற்குக் கருவியைக் குறைகூறும் சலுகை சுடுகிறவனுக்குப் பெரும்பாலும் இல்லாமற் போயிற்று.

இன்றைய போட்டி ஏர் ரைபிளிலும் அதே பள்ளங்கள் உண்டு. 4.5 மில்லிமீட்டர் குறுக்களவும் ஒடுங்கிய இடையும் கொண்ட சிறு ஈயக் குண்டை, பெல்லட் என்று சொல்லப்படுவதை, அடைத்துவைத்த காற்று வினாடிக்கு ஏறக்குறைய 170 மீட்டர் வேகத்தில் தள்ளிவிடுகிறது. பத்து மீட்டருக்கு அப்பால் தெரியும் கறுப்பு வட்டத்தின் அகலம் 30.5 மில்லிமீட்டர், அதன் நடுவே பத்துப் புள்ளிக்குரிய இடமோ வெறும் அரை மில்லிமீட்டர். அந்தப் புள்ளியைக் குண்டின் விளிம்பு தொட்டாலே பத்து கிடைத்துவிடும். மையத்தோடு மையம் பொருந்தினால் 10.9. எழுபத்தைந்து நிமிஷத்தில் அறுபது முறை சுட வேண்டுமாகையால், பூரணமாகச் சுடுகிற ஒருவர் இருப்பாராயின் அவர் பெறக்கூடியது 654.

இந்த அரை மில்லிமீட்டரை அடையச் சரீர பலம் உதவாது. ஐந்தரைக் கிலோ வரை எடையுள்ள ரைபிளைத் தசையால் தாங்கி நிற்க முயலுகிறவனுக்குச் சற்று நேரத்திலேயே கை நடுங்கத் தொடங்கும். ஆகையால் இடது முழங்கையை இடுப்பெலும்பின்மேல் ஊன்றி, பாரம் முழுவதும் எலும்புகளின் வழியே தரைக்கு இறங்கும்படி நிற்பதற்கே ஆசிரியர்கள் முதலில் பழக்குகிறார்கள். அவ்வாறு நின்று கண்ணை மூடி, உடலைத் தளர்த்தி, மறுபடி திறந்து பார்க்கையில் துப்பாக்கி குறியைவிட்டு ஒதுங்கியிருந்தால் கையால் அதை இழுத்துத் திருப்பலாகாது. பாதங்களை நகர்த்தி உடலையே திருப்ப வேண்டும். பிறகு மூச்சைப் பாதி வெளியேவிட்டு, சில வினாடிகள் நிறுத்தி, விசையை இழுக்கிறோம் என்ற உணர்வே எழாதபடி மெல்ல அழுத்த வேண்டும். தறியில் அறுந்த பாவிழையைப் பிணைக்கையில் நெசவாளர் தம்மையறியாமல் மூச்சை ஒரு கணம் நிறுத்துவதைப் பார்த்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு இந்த நிலையை விவரிக்க வேண்டியதில்லை. பத்து வினாடிக்குள் விசை விடுபடவில்லையானால் சுடாமல் துப்பாக்கியைத் தாழ்த்திவிட வேண்டும் என்பது விதி. புதியவர்களுக்கு மிகக் கடினமாயிருப்பது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. குறி கண்ணெதிரே தெரியும்போது விரலை அடக்கிக்கொள்வதற்கு எளிதில் மனம் வருவதில்லை.

பெல்லட் இல்லாமலே நின்று, நோக்கி, விசையை அழுத்திப் பழகுவதற்கு முன்னணி வீரர்களும் தினந்தோறும் நேரம் ஒதுக்குகிறார்கள். அதற்கென்று போட்டித் துப்பாக்கிகளில் தனி அமைப்பு உண்டு. கடைகளில் விற்கும் சாதாரண ஸ்பிரிங் ரகத்தை அப்படி வெறுமையாக இயக்கினால் அது கெட்டுப்போகும். பிஸ்டலின் முறை வேறு. இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு தாவிப் பாயும் சினிமா நாயகர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, ஒரு கையைக் காற்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு மறுகையை நீட்டி அசையாமல் நிற்கும் பிஸ்டல் வீரர் சற்றுச் சோம்பேறியாகக்கூடத் தென்படுவார். ஒற்றைக் கையின் ஆட்டத்தை உத்தேசித்துப் போலும், அங்கே பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீட்டராக விரிந்திருக்கிறது.

இத்தனை நுட்பத்துக்கும் ஒரு திருஷ்டாந்தம் 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கின் ஏர் ரைபிள் போட்டியில் நடந்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸில் இறுதிச் சுற்றில் ஏழாம் இடத்துக்குப் போய்விட்ட அபினவ் பிந்த்ரா, கடைசிக் குண்டுக்குச் சற்று முன்வரை பின்லாந்து வீரர் ஹென்ரி ஹக்கினனோடு சமநிலையில் இருந்தார். பிந்த்ரா 10.8 சுட்டார், மற்றவர் 9.7 சுட்டார். தூரக் கணக்கில் பார்த்தால் அந்த வித்தியாசம் மூன்று மில்லிமீட்டரும் இல்லை. ஆயினும் ஒருவர் நாட்டின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற, மற்றவர் மூன்றாம் இடத்துக்கு இறங்கினார்.

நம் பக்கத்திலும் பெயர்கள் இல்லாமலில்லை. 2019-இல் ரியோ உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர். ஆனால் வளர்ந்ததும் பயின்றதும் அகமதாபாத்தில். 2012-இல் லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ககன் நாரங் சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்தவர். பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் ட்ராப் பிரிவில் 2024-இல் பாரிஸ் வரை சென்ற பிருதிவிராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பத்தவர். பயிலும் இடம் பக்கத்தில் இருக்க வேண்டும், அல்லது வீட்டில் வசதி இருக்க வேண்டும் என்பதை இவர்களுடைய சரித்திரம் ஒளிவின்றிக் காட்டுகிறது. தேசூரிலிருந்து சென்னை நூறு கிலோமீட்டருக்கு மேல்.

ஆகவே எடுத்த எடுப்பில் துப்பாக்கி வாங்கும் யோசனையை நான் ஆதரிக்கமாட்டேன். போட்டித் தரத்து ரைபிள் சில லட்ச ரூபாய் விலை. கிளப்பில் சேர்ந்து, அங்குள்ள துப்பாக்கியில் சில மாதங்கள் பழகிய பின்னர் அதைப்பற்றி நினைக்கலாம். 4.5 மில்லிமீட்டர் குழலும் இருபது ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதனால், பாவு நீட்டும் தெருவில் வைத்துச் சுட்டுப் பழகலாம் என்றோ, ஏரிக்கரைக் கொக்கின்மேல் குறிபார்க்கலாம் என்றோ எவரும் எண்ணிவிடலாகாது. பறவையைச் சுடுவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். .22 ரைபிள் முதலியவற்றுக்கு 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் அனுமதி அவசியம். ரேஞ்சுக்குள் குழல்வாய் எப்போதும் குறியின் பக்கமே இருக்க வேண்டும். சுடும் கணம் வரை விரல் விசையைத் தொடக்கூடாது. பெல்லட் ஈயமாதலால் கை கழுவாமல் சாப்பிடக்கூடாது.

மாணவர்களுக்குச் செலவில்லாத மார்க்கம் ஒன்று உண்டு: தேசிய மாணவர் படை. அங்கே .22 ரைபிளால் இருபத்தைந்து மீட்டர் தூரத்தில் படுத்த நிலையில் சுடப் பயிற்றுகிறார்கள். நின்று சுடுவதைவிட அது எளிது. குண்டுகள் எங்கே விழுந்தாலும் ஒன்றோடொன்று நெருங்கி விழுகின்றனவா என்பதைத்தான் முதலில் கவனிப்பார்கள். நெருக்கம் கைவந்துவிட்டால், கூட்டத்தையே நடுவுக்கு நகர்த்துவது நோக்குக் கருவியில் ஒரு திருகைத் திருப்பும் வேலை. அதன்பின் கிளப், மாநிலப் போட்டி என்று ஏறி, 1951-இல் தோன்றிய தேசிய ரைபிள் சங்கத்தின் முதல் தலைவரும் மக்களவையின் முதல் சபாநாயகருமான மாவலங்கரின் பெயரால் நடக்கும் போட்டியைக் கடந்தால் தேசியப் பந்தயம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தபட்சப் புள்ளி இவ்வளவு என்று முன்கூட்டியே அறிவித்திருப்பார்கள். ஒரு புள்ளி குறைந்தாலும் அடுத்த வருஷத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.