எல்லை கடக்கும் வண்டிப் பயணமும் அதற்கு வேண்டும் ஆயத்தமும்

யாழ்ப்பாணத்தவராகிய நமக்குக் கடல் கடந்த பயணம் புதியதன்று. நம்முடைய பாட்டன்மார் பலர் ஆங்கிலக் கல்வியைத் துணையாகக் கொண்டு மலாயா சென்று, றெயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் பணியாற்றி, இளைப்பாறியபின் ஊர் திரும்பிக் கல்வீடு கட்டி வாழ்ந்தனர். அவர்கள் கப்பலேறினார்கள், நாம் விமானமேறுகின்றோம். ஆயின், ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குத் தரைவழியே வண்டியிற் செல்லுதல், தீவிலே பிறந்த நமக்குப் பழகாத காரியம். நமது நாட்டுக்குக் கடலேயன்றி வேறெல்லை இல்லை. இப்பழக்கமின்மையால் யாம் ஒருமுறை இழந்ததையும் மறுமுறை பெற்றதையும் கூறி, அத்தகைய பயணத்தை விரும்பும் பழைய மாணவ அன்பர்களுக்குச் சில குறிப்புக்களைத் தருவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் கல்லூரியில் ஒரே வகுப்பிலிருந்து கற்றவர் யாம் ஐவர். பிற்காலத்தில் ஒருவர் சிங்கப்பூரிலும், யான் உட்பட இருவர் இலண்டனிலும், ஒருவர் ரொறன்ரோவிலும் குடியேறினோம். ஐந்தாமவர் ஊரைவிட்டு அகலாது, ஆசிரியராயிருந்து இளைப்பாறியவர். அவரை ஆசிரியர் என்றே இங்கே குறிப்பிடுகின்றேன். அவர் 1946இல் மலாயாவிலுள்ள தைப்பிங் என்னும் ஊரில், றெயில்வேக் குடியிருப்பிற் பிறந்தவர். நான்கு வயதில் தாயார் அவரை ஊருக்கு அழைத்து வந்தார். தந்தையார் அங்கேயே தங்கி, அங்கேயே காலமானார். தந்தையின் முகம் தமக்கு நினைவில்லை என்றும், அவர் நடமாடிய ஊரையாவது ஒருமுறை பார்க்கவேண்டும் என்றும் ஆசிரியர் பலமுறை சொல்லியதுண்டு. 2017இல் யாம் ஐவரும் சிங்கப்பூரிற் கூடி, அங்கிருந்து காரில் தைப்பிங் செல்வதெனத் தீர்மானித்தமைக்கு இதுவே காரணம்.

அத்தீர்மானம் ஒரு மாலைப்பொழுதில் தேநீருடன் முடிந்துவிட்டது. மறுநாட் காலை புறப்பட்டோம். பிரித்தானிய, கனடிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்களை உடைய எமக்கு மலேசியா செல்ல விசா வேண்டியதில்லை. இலங்கைக் கடவுச்சீட்டை உடைய ஆசிரியரும் சிங்கப்பூருக்கு விசாவின்றியே வந்திருந்தமையால், அப்பாலும் அவ்வாறே செல்லலாமென எண்ணிவிட்டோம். அவ்வெண்ணம் தவறு. எல்லையில் அவர் திருப்பப்பட்டார். அதிகாரிகள்மேற் குறை சொல்ல இடமில்லை. விதியைக் கேட்டறியாதது எமது பிழையே. "நீங்கள் போய்ப் பார்த்துவந்து சொல்லுங்கள், எனக்கு அது போதும்" என்று கூறி அவர் பஸ் ஏறினார். யாமும் போனோம்! அவரோடு திரும்பியிருக்க வேண்டும். வண்டியிற் பாட்டைப் பற்றிச் சச்சரவும், வழியில் உணவைப் பற்றிச் சச்சரவுமாகக் கோலாலம்பூர் வரை சென்று, தைப்பிங்கைக் காணாமலே திரும்பினோம். யாருக்காகப் புறப்பட்டோமோ அவரை விட்டுச் சென்ற பயணம் வேறெவ்வாறு முடியும்?

2019இல் மீண்டும் முயன்றோம். இம்முறை நான்கு மாதங்களுக்கு முன்பே ஆயத்தம் தொடங்கிற்று. அப்பொழுது கற்றவற்றையும், பின்னர் வந்த மாற்றங்களையும் சேர்த்து முறையாகக் கூறுகின்றேன்.

முதலாவது, பத்திரங்கள். நண்பர் பலர் சேர்ந்து செல்லும்போது, எல்லோருக்கும் ஒரே விதி என்று கொள்ளலாகாது. விதி கடவுச்சீட்டைப் பற்றியதேயன்றிக் கூட்டத்தைப் பற்றியதன்று. ஆதலால் ஒவ்வொருவர் கடவுச்சீட்டையும் மேசைமேல் வைத்து, அது எந்நாட்டுக்குரியது, எந்நாள்வரை செல்லும், விசா வேண்டுமா, திரும்பி வருதற்கும் அனுமதி உண்டா என்னும் நான்கு வினாக்களுக்கும் தனித்தனியே விடை எழுதுக. கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாகவேண்டும் என்பதை மறவற்க. மேலும், இக்காலத்தில் மலேசியாவும் சிங்கப்பூரும் வருகை விபரத்தை முன்கூட்டியே கணினி வழியாகப் பதியும்படி வெளிநாட்டாரைக் கேட்கின்றன. இப்பதிவை வந்துசேர்வதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் செய்தல் வேண்டும். விசா விதிகள் அடிக்கடி மாறுவன. சென்றமுறை போய்வந்தவர் சொல்லை நம்பாது, அவ்வவ்வரசாங்கத்தின் அறிவித்தலையே பார்த்துக்கொள்ளுதல் நலம்.

இரண்டாவது, வண்டி. சிங்கப்பூரிற் பதிந்த வண்டி மலேசியாவுட் செல்ல வாகன நுழைவனுமதி பெற்றிருத்தல் வேண்டும். 2025 ஜூலை 1ஆந் திகதி முதல் அதனைப் பெறாதவர்க்குத் தண்டம் விதிக்கப்படுகின்றது. அத்தகைய வண்டி சிங்கப்பூரை விட்டு வெளியேறும்போது பெற்றோல் தாங்கியில் முக்காற் பங்காவது நிறைந்திருத்தல் வேண்டுமென்பது சிங்கப்பூரின் விதி. மலேசியாவில் விலை குறைந்த பெற்றோலை நிரப்பிவர எண்ணி வெறுந்தாங்கியுடன் செல்வோரைத் தடுத்தற்கே இது ஏற்பட்டது. மலேசியாவிலோ, அரசாங்கத்தின் உதவிப்பணத்தால் விலை குறைந்துள்ள 95ஆம் இலக்கப் பெற்றோலை வெளிநாட்டு வண்டிகளுக்கு விற்றலாகாது. 97ஆம் இலக்கமே வாங்கலாம். நெடுஞ்சாலைச் சுங்கத்தைச் செலுத்துதற்கு 'டச் அண்ட் கோ' என்னும் அட்டையிற் போதிய பணம் வைத்திருத்தல் வேண்டும். வாடகை வண்டியாயின், எல்லை கடத்தற்கு உரியவரின் எழுத்துமூல அனுமதியும், அந்நாட்டிலும் செல்லுபடியாகும் காப்புறுதியும் இன்றியமையாதன. சில வாடகை நிறுவனங்கள் சாரதியின் வயதுக்கும் எல்லை வகுத்துள்ளன. எம் போன்ற முதியோர் இதனை முன்னரே கேட்டறிக.

மூன்றாவது, சாரதி. 2017இல் எம்முள் இருவர் மாறிமாறி வண்டியோட்டிக் களைத்துப் போயினர். களைத்தவர்க்குக் கோபம் எளிதில் வரும். 2019இல் சிங்கப்பூர் நண்பரின் மகனைச் சாரதியாக அழைத்துக்கொண்டோம். இலங்கையிற்போல் இவ்விரு நாடுகளிலும் வண்டிகள் இடப்புறமாகவே செல்வதாயினும், அறியாத பாதையில் இளங்கண்களே துணை.

நான்காவது, வழியும் நேரமும். சிங்கப்பூரிலிருந்து மலேசியா செல்லத் தரைவழிகள் இரண்டுள. ஒன்று, 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட, ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் நீளமான ஜோகூர்ப் பாலம். மற்றது, மேற்கே துவாஸ் என்னுமிடத்தில் 1998இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலம். வெள்ளி மாலையிலும், பள்ளி விடுமுறைகளிலும், பண்டிகைகளுக்கு முதல்நாளும் இவ்விரண்டிலும் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும். யாம் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் இரண்டாவது பாலத்தாற் சென்றோம். அப்பால், 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்குத் தெற்கு நெடுஞ்சாலை, ஜோகூரிலிருந்து தாய்லாந்து எல்லைவரை ஏறக்குறைய 770 கிலோமீற்றர் செல்கின்றது. முதல்நாள் மலாக்கா வரை 240, இரண்டாம் நாள் கோலாலம்பூர் வரை 150, மூன்றாம் நாள் தைப்பிங் வரை 280 கிலோமீற்றர் அளவாக வகுத்துக்கொண்டோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிக் காலாற நடத்தல் என்பதும் எமது விதியாயிற்று.

ஐந்தாவது, இசை. இதனைச் சிறிய விடயமென்று தள்ளற்க. அடைத்த வண்டிக்குள் ஒருவர் விரும்பும் பாட்டை மற்றவர் தப்பியோட வழியின்றிக் கேட்கவேண்டியிருக்கின்றது. எம்முள் ஒருவர் இராஜரத்தினம்பிள்ளையின் தோடியையும் தட்சணாமூர்த்தியின் தவிலையும் தவிர வேறெதனையும் இசையென ஒப்பாதவர். ரொறன்ரோ நண்பரோ பைலாப் பாட்டில் பெருவிருப்புடையவர். 2017இல் இவ்விருவரும் இரண்டு நாட் பேசாதிருந்தனர். ஆதலால் இம்முறை எழுத்தில் ஒழுங்கு செய்தோம்: காலையில் நாதஸ்வரம், அதன்பின் ஒவ்வொருவர்க்கும் ஒரு மணி நேரம், பிறர் நேரத்தில் குறைகூறல் ஆகாது, மழையிலும் நகர நெருக்கடியிலும் சாரதி விரும்பினால் மௌனம். பாட்டுக்களை முன்னரே கைத்தொலைபேசியிற் பதிந்துகொண்டோம். செல்லும் நாட்டின் இசைக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பினாங்கிற் பிறந்த பி. ராம்லியின் (1929–1973) மலாய்ப் பாட்டுக்களைக் கேட்டோம்.

மலாக்காவில் ஓர் உண்மை விளங்கிற்று. அந்நகரைப் போர்த்துக்கேயர் 1511இற் கைப்பற்றினர். யாழ்ப்பாணத்தை 1619இற் கைப்பற்றினர். மலாக்காவில் அவர்கள் வழிவந்தோர் இன்றும் தனிக்குடியிருப்பில் வாழ்ந்து, 'ஜிங்க்லி நோனா' என்னும் பாட்டைப் பாடி ஆடுகின்றனர். அதற்கு உறவான பாட்டு இலங்கைப் பறங்கியரிடமும் உண்டு; நமது பைலாவுக்கும் வேர் போர்த்துக்கேய இசையே. அன்று மாலை அங்கு அப்பாட்டைக் கேட்டபோது, தோடி நண்பர் ரொறன்ரோ நண்பரைப் பார்த்து, "உம்முடைய பாட்டுக்கும் ஒரு குலமுறை இருக்கிறது ஐசே" என்றார். அதன்பின் சச்சரவு எழவில்லை.

ஆறாவது, உணவும் பணமும். இவ்விரண்டையும் சேர்த்தே கூறவேண்டும். வெளிநாட்டில் உழைத்தவரும் இலங்கை ரூபாவில் இளைப்பாற்றுச் சம்பளம் பெறுபவரும் ஒரே வண்டியிற் செல்லும்போது, செலவைச் சமமாகப் பகிர்தல் நீதிபோலத் தோன்றினும் நீதியாகாது. ஒருவர் பங்கை மற்றவர் கொடுப்பதும் அவர் மனத்தை வருத்தும். இதற்கு வழிகண்டவர் ஆசிரியரே. "வழியுணவு என் பொறுப்பு" என்று முன்வந்து, கெடாது நிற்கும் பண்டங்களை ஊரிலிருந்தே கொண்டுவந்தார். பருத்தித்துறை வடை, பயற்றம் பணியாரம், பனாட்டு ஆகியன நாட்கணக்கில் நிற்பவை. இடியப்பமும் பிட்டும் அன்றன்றே உண்ணற்குரியன. கட்டிச் செல்வதாயின் புளிச்சாதமே தக்கது.

வழியில் வாங்கும் உணவில் சைவ அன்பர்கள் விழிப்பாயிருத்தல் வேண்டும். தேங்காய்ப்பாலிற் சமைத்த 'நாசி லெமாக்' என்னும் சோறு சைவமே. ஆனால் அதனோடு தரும் சம்பலில் நெத்தலிக் கருவாடும் இறாற் பசையும் சேர்வதுண்டு. 'ரொட்டி சானாய்' கேட்கும்போது பருப்புக்கறி மட்டும் போதுமெனச் சொல்லுக. இன்றேல் மீன்கறி வரலாம். மலாக்காச் செட்டிமார், தமிழ் வழியினராயினும், மலாய் மொழி பேசிச் சைவராய் வாழ்பவர்கள். அவர்களுடைய பொய்யாத விநாயகர் கோயில் 1781இல் எழுந்தது. அங்கு வழிபட்ட பின்பே மேற்சென்றோம். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் நம்மவர் கட்டிய கந்தசுவாமி கோயிலையும் தரிசித்து, அயலில் வாழையிலையில் உணவருந்தினோம்.

மூன்றாம் நாட் பிற்பகல் தைப்பிங்கை அடைந்தோம். மலாயாவின் முதற் புகையிரதம் 1885இல் ஓடியது இவ்வூரிலிருந்துதான். ஏறக்குறைய 13 கிலோமீற்றர் தொலைவிலுள்ள போர்ட்வெல்ட் துறைமுகத்துக்குச் சென்றது. ஆசிரியர் பிறந்த குடியிருப்பை யாம் காணவில்லை. இருந்த இடத்தைச் சொல்வாரும் இல்லை. போர்ட்வெல்டுக்குச் சென்றோம். தண்டவாளம் மறைந்துவிட்டது; ஆனால் பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை நிற்கின்றது. அதிலே பிற எழுத்துக்களோடு தமிழெழுத்தும் உண்டு. ஆசிரியர் அதனை எழுத்துக்கூட்டிப் படிப்பவர்போல மெல்லப் படித்தார். "அப்பு இதைப் பார்த்திருப்பார்" என்றார். வேறொன்றும் கூறவில்லை. தைப்பிங்குக்குத் திரும்பி, ஏரிப் பூங்காவிலுள்ள பெருமரங்களின் கீழ் நின்றபோது மழை தொடங்கிற்று. மழைக்குப் பேர்பெற்ற ஊர் அது. பின்னேரங்களில் மழை தப்பாது வருமென்று தம் தாயார் சொல்வதுண்டு என்று கூறி, அவர் வண்டிக்குள் வர மறுத்து நனைந்தபடி நின்றார். யாமும் இறங்கி நின்றோம்.

ஆசிரியர் 2021இற் காலமானார். 2017இல் நிகழ்ந்த பிழையை 2019இல் திருத்தாதிருந்தால் அது என்றும் திருத்தப்படாத பிழையாகவே நின்றிருக்கும்.

அன்பர்களே! நம் கல்லூரியிற் பயின்றோர் இன்று பல நாடுகளிற் பல நிறக் கடவுச்சீட்டுக்களோடு வாழ்கின்றனர். அன்று ஒரே வாங்கில் இருந்தவர்களை இன்று எல்லைகள் வெவ்வேறாகவே நடத்துகின்றன. ஆகவே, நண்பரோடு பயணஞ் செல்ல எண்ணுவோர், கூட்டத்தில் யாருக்கு வழி மிகக் கடினமோ அவரிலிருந்து ஆயத்தத்தைத் தொடங்குக. அவருக்கு வழி திறந்தால் ஏனையோர்க்கும் திறந்ததேயாம்.