"இந்த அக்காவுக்கு எந்த சேலை எடுப்பா இருக்கும்?" - ஸ்டைலிஸ்ட் வேலை இன்டர்வியூவில் கேட்பது இதைத்தான்!

தூத்துக்குடி:

ஜவுளிக்கடையில் கேட்ட சேலையை எடுத்துப் போடும் வேலை நமக்கு தெரியும். ஆனால் "உங்களுக்கு இதுதான் பொருந்தும்" என்று யோசித்து சொல்வதற்கே தனியாக ஆள் எடுக்கிறார்கள். அவர்தான் ஸ்டைலிஸ்ட். ஒரு காலத்தில் சினிமாக்காரர்களுக்கு மட்டும் இருந்த இந்த வேலை, இப்போது கல்யாண வீடு, பொட்டிக், பெரிய ஷோரூம் வரை வந்துவிட்டது.

டெய்லரிங், பியூட்டீஷியன், சேலை கட்டிவிடுதல் தெரிந்த முத்துநகர் பிள்ளைகளுக்கு இது நல்ல வாய்ப்பு. இன்டர்வியூவுக்கு எப்படி தயாராவது? பார்ப்போம்.

டிசைனர் வேறு, ஸ்டைலிஸ்ட் வேறு

முதலில் இந்த குழப்பம் தீர வேண்டும். உடையை உருவாக்குபவர் டிசைனர். 'காந்தி' படத்துக்காக 1983-ல் ஆஸ்கர் விருது வாங்கினாரே பானு அத்தையா, அவர் உடை வடிவமைப்பாளர். ஸ்டைலிஸ்ட் வேலை, இருக்கிற துணி, நகை, செருப்பில் இருந்து ஒருவருக்கு ஏற்றதை பொறுக்கி எடுத்து சேர்ப்பது. "வித்தியாசம் என்ன?" என்று கேட்டால் முழிக்கக் கூடாது.

சென்னை தரமணியில் 1995-ல் தொடங்கப்பட்ட 'நிப்ட்' போன்ற இடங்களில் படித்திருந்தால் நல்லதுதான். படிக்காவிட்டால் கதவு மூடிவிடாது. அதற்குப் பதிலாக செய்த வேலையை காட்ட வேண்டும்.

ஆல்பம் ரெடியா?

சொந்தக்கார பெண், பக்கத்து வீட்டு அக்கா என்று நீங்கள் அலங்கரித்த 10 பேரின் படம் போதும். ஒவ்வொன்றுக்கும் கீழே என்ன விசேஷம், எவ்வளவு பட்ஜெட், ஏன் இந்த துணி என்று 2 வரி எழுதுங்கள். படத்தில் இருப்பவரிடம் அனுமதி வாங்கிவிடுங்கள். நெட்டில் எடுத்த படத்தை உங்கள் வேலை என்று காட்டினால், அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

செய்து காட்டச் சொல்வார்கள்

"பனிமய மாதா கோவில் திருவிழா. 45 வயது அம்மா. கையில் 3 ஆயிரம் ரூபாய். என்ன எடுத்துக் கொடுப்பே?" இப்படி ஒரு கேள்வி வரலாம். உடனே ஓடிப்போய் பளபளப்பான சேலையை எடுத்தால் மார்க் போச்சு!

முதலில் கேள்வி கேளுங்கள். எவ்வளவு நேரம் நிற்பார்? வீட்டில் என்ன நகை இருக்கிறது? எந்த கலர் அவருக்கு பிடிக்கும்? ஆகஸ்டு 5-ந்தேதி பெருவிழாவில் கூட்டமும் புழுக்கமும் எப்படி இருக்கும் என்று நமக்கு தெரியாததா! வேர்வை உறிஞ்சும் பருத்தி, அல்லது கனம் குறைந்த காட்டன் பட்டு என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். 3 ஆயிரத்துக்குள் பிளவுஸ் தையல் கூலியும் அடங்குகிறதா என்று கேட்டால் முதலாளியே நிமிர்ந்து பார்ப்பார்.

"கருப்புக்கு இந்த கலர் எடுக்காது" என்று மட்டும் வாயில் வரக்கூடாது. உப்பளத்திலும் கடலிலும் வெயிலில் பாடுபடுகிற ஊர் இது. மனசு நொந்து போன கஸ்டமர் திரும்ப வரமாட்டார். கடை லைட்டில் ஒரு நிறமாகவும் வெளியே வேறு நிறமாகவும் தெரியும். எனவே துணியை பகல் வெளிச்சத்தில் முகத்தருகே பிடித்துக் காட்டுங்கள். அவரே முடிவு செய்வார்.

முத்து பற்றியும் கேட்பார்கள்

தூத்துக்குடி என்றதும் முத்து பற்றி கேட்க வாய்ப்பு உண்டு. மன்னார் வளைகுடாவில் பெரிய அளவில் முத்துக்குளித்தல் நடந்தது 1961-ல்தான் கடைசி. இன்று கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் வளர்ப்பு முத்து. 2 முத்தை லேசாக உரசினால் நற நற என்று இருந்தால் அசல், வழுவழுப்பாக இருந்தால் போலி. சென்ட் பட்டால் முத்து மங்கும். அதனால் எல்லா அலங்காரமும் முடிந்த பிறகே முத்துமாலை போட வேண்டும்.

பட்டு என்றால் மத்திய பட்டு வாரியத்தின் 'சில்க் மார்க்' முத்திரை பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். இது 2004-ல் வந்தது.

சென்னையில் இன்டர்வியூவா? முத்துநகர் எக்ஸ்பிரசில் போட்டுப் போகும் டிரசோடு உள்ளே போகாதீர்கள். தேய்த்த உடையை தனியாக எடுத்துச் செல்லுங்கள். விலை உயர்ந்த உடை தேவையில்லை. அளவு சரியாக, சுத்தமாக இருந்தால் போதும்.

நீங்களும் கேளுங்க!

சம்பளம் எவ்வளவு, கமிஷன் உண்டா, இ.எஸ்.ஐ., பி.எப். பிடிப்பார்களா என்று தயங்காமல் கேளுங்கள். கடைகள் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை. அதற்கு மேல் என்றால் கூடுதல் கூலி உண்டு. நாள் முழுக்க நின்றே கால் வீங்கிய காலம் மாற வேண்டும் என்றுதான் 2021-ல் தமிழக சட்டசபையில் சட்டத்திருத்தம் வந்தது. ஊழியர்கள் உட்கார இருக்கை போட்டே ஆக வேண்டும். கேரளாவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் போராடி, 2018-லேயே இந்த உரிமையை பெற்றார்கள்.

உஷார்!

"டெபாசிட் கட்டு, போட்டோ ஷூட்டுக்கு பணம் கட்டு, வேலை நிச்சயம்" என்றால் நம்பாதீர்கள். வேலை கொடுப்பவர்தான் காசு கொடுக்க வேண்டும், நாம் இல்லை. அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். இன்டர்வியூ கடையில், அலுவலகத்தில் நடக்க வேண்டும். லாட்ஜ் ரூமுக்கு வரச் சொன்னால் போகவே வேண்டாம். ஆன்லைனில் பணம் ஏமாந்தால் உடனே 1930-க்கு போன் போடுங்கள்.

முதல் இன்டர்வியூவில் கிடைக்கவில்லையா? விடுங்க. அடுத்த முகூர்த்தத்துக்கு தெருவில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு சேலை கட்டிவிடுங்கள். ஆல்பத்தில் 11-வது படம் சேர்ந்துவிடும்.