சலவை நீர் எங்கே போகும்?

சலவை இயந்திரம் வாங்க நினைப்போர் அதன் விலையை விசாரிப்பர். எத்தனை உடுப்புக் கொள்ளும் என்று கேட்பர். அது வெளியேற்றும் நீர் எங்கே போகும் என்று கேட்போர் மிகச் சிலரே. நாமும் கேட்கவில்லை.

குளியலறையில் இடமின்மையால் இயந்திரத்தை மோட்டார் வண்டிக் கொட்டகையில் வைத்தோம். அங்கே வடிகால் இல்லை. ஆகவே கழிவுக் குழாயின் முனையை வாயிலோரம் நிலத்திலே கிடத்தினோம். அரை மணி நேரமாகியும் இயந்திரம் நிரம்பவில்லை. உட்சென்ற நீர் அப்படியே வெளியே ஓடிற்று! திருத்த வந்த இளைஞர் சிரித்தார். “பழுது ஒண்டுமில்லை ஐயா, குழாயைத் தூக்கிக் கட்டுங்கோ” என்றார்.

காரணம் எளிது. குழாயின் முனை உள்ளே நிற்கும் நீர்மட்டத்திலும் தாழ்ந்திருந்தால், நீர் தானாகவே வடிந்துவிடும். ஆதலால் முனை நிலத்திலிருந்து இரண்டரை அல்லது மூன்று அடி உயரத்தில் நிற்றல் வேண்டும். இயந்திரத்திலுள்ள பம்பி அவ்வுயரத்திற்கு நீரை ஏற்றவல்லது. ஆனால் நெடுந்தூரம் தள்ளும் வலிமை அதற்கில்லை. இரட்டைத் தொட்டி இயந்திரங்களுட் பல பம்பியற்றவை; அவற்றின் குழாய் மாத்திரம் தாழ்ந்தே கிடத்தல் வேண்டும்.

பின்னர், கிணற்றடி வாய்க்காலுக்கு நீரை விடலாமென எண்ணினேன். என் தாயார் தடுத்தார். “தம்பி, நாளைக்கு அந்தத் தண்ணியைத்தானே அள்ளிக் குடிக்கப்போறம்?” என்றார். அவர் கூற்று முற்றிலும் உண்மை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை நிலத்துள் இறங்கிச் சுண்ணக்கற்பாறையின் வெடிப்புகளிலே தேங்குகின்றது. அதுவே நம் கிணற்று நீர். மழை இறங்கும் வழியாலேயே சவர்க்கார நீரும் இறங்கும்.

ஈற்றில் 200 லீற்றர் பீப்பாய் ஒன்றை இயந்திரத்தின் அருகில் வைத்தோம். ஏறத்தாழ மூன்றடி உயரமான அதன் விளிம்பிலே கழிவுக் குழாயை இறுகாமல் கொளுவினோம். முன்புறம் திறக்கும் இயந்திரம் ஒரு சலவைக்கு 40 முதல் 60 லீற்றர் வரை நீரை வெளியேற்றும். சில நிமிடங்களிற் பாயும் அந்நீரைப் பீப்பாய் ஏற்றுக்கொண்டு, அடியிற் பொருத்திய குழாயால் ஆறுதலாக விடுகின்றது. அக்குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுத்தோம். 40 அடிக்குப் பத்து அங்குலம். கொட்டகைத் தளம் வளவிலும் ஓரடி உயர்ந்திருந்தமையால் அது இயன்றது. தளம் தாழ்ந்திருந்தால் பீப்பாயைக் கல்லடுக்கின் மீது உயர்த்துதல் கூடாது. குழாய் முனையும் அளவுக்கு மீறி உயர்ந்துவிடும். அப்போது தனியாக ஒரு சிறு பம்பி வேண்டும்.

நீர் சென்றடைவது கிணற்றுக்கு எதிர்ப்புறத்து வாழைப் பாத்தி. கிணற்றிலிருந்து 50 அடியேனும் விலகியிருத்தல் வேண்டுமென்பர். கல்நிலத்தில் அதனினும் விலகுதல் நன்று. ஒரே பாத்திக்கு நாள்தோறும் விட்டால் மண் கெடும். ஆதலால் மாற்றி மாற்றி விடுகிறோம். வெளிறச்செய்யும் மருந்தையும் போறாக்ஸ் கலந்த தூளையும் தவிர்த்தோம். சவர்க்காரத் தூளையும் குறைத்தோம். உடுப்பின் வெண்மை குறையவில்லை.

இல்லத்தரசிகள் இன்னும் இரண்டை மறத்தலாகாது. பீப்பாயில் நீர் தேங்கினால் நுளம்பு பெருகும்; அன்றன்றே வெறுமையாக்கி மூடுக. நனைந்த தளத்தில் மின்சாரம் ஆபத்து. இயந்திரத்தை மேடையில் வைத்து, நிலத்தொடுப்பும் ட்ரிப் சுவிச்சும் உள்ளனவா எனப் பார்த்துக்கொள்க.

இயந்திரம் வந்த பின்னரே நாம் நீருக்கு வழி தேடினோம். வாங்க எண்ணியிருப்போர் முதலில் வழியைக் காண்பாராக. கிணறு அனைவர்க்கும் பொது.